குடல் இணைப்பு ஆறுவதில் நரம்புகளின் பங்கு

முன்னுரை

நோயுற்ற குடற்பகுதியை நீக்கியபின் எஞ்சிய இரு முனைகளையும் ஒன்றாகத் தைப்பது குடல் இணைப்பு எனப்படும். அவ்விணைப்பு ஆறாமல் கசியுமாயின், குடலினுள் உள்ளவை வயிற்றறையில் பரவி நோயாளியின் உயிருக்கே இடர் விளைவிக்கும். தையலைத் தாங்கும் வலிமை கோழைப்படலத்தின் கீழடுக்கிலேயே உள்ளது என்பதை வில்லியம் ஹால்ஸ்டெட் நாய்களில் செய்த சோதனைகளின்வழி 1887ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார். நல்ல குருதியோட்டமும் இழுவிசையற்ற தையலும் இணைப்பு ஆறுவதற்கு அடிப்படை என்பது அறுவை மருத்துவத்தின் பொதுக்கொள்கை. இவற்றுடன் நரம்புகளுக்கு உள்ள இடம் யாது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

அகநரம்புகளும் புறநரம்புகளும்

குடற்சுவருக்குள் இரு நரம்புப் பின்னல்கள் உள்ளன. தசையடுக்குகளுக்கு இடையே அமைந்தது ஆவர்பாக் பின்னல். கோழைப்படலத்தின் கீழடுக்கில் அமைந்தது மைஸ்னர் பின்னல். வெளியிலிருந்து பரிவு நரம்புகளும் எதிர்ப்பரிவு நரம்புகளும் குடலை வந்தடைகின்றன. எதிர்ப்பரிவு வகையைச் சேர்ந்த வேகஸ் நரம்பு குறுக்குப் பெருங்குடலின் முதல் மூன்றில் இரு பங்கு வரை செல்கின்றது. அதற்கு அப்பாற்பட்ட பகுதிக்கு இடுப்பறை நரம்புகள் எதிர்ப்பரிவுத் தூண்டலை வழங்குகின்றன.

புறநரம்புத் தொடர்பு நீக்கப்பட்ட குடலிலும் அலையியக்கம் நிகழ்வதை பேலிஸ், ஸ்டார்லிங் ஆகியோர் 1899ஆம் ஆண்டு காட்டினர். குடல் மாற்று அறுவையில் கொடைக்குடலின் புறநரம்புகள் அனைத்தும் துண்டிக்கப்படுகின்றன. ஆயினும் இணைப்புகள் ஆறுகின்றன. எனவே, புறநரம்புகள் ஆறுதலுக்கு இன்றியமையாதவை அல்ல. அதன் போக்கை நெறிப்படுத்துபவை என்று கொள்வதே பொருந்தும்.

நெறிப்படுத்தும் வழிகள்

முதலாவது, குருதியோட்டம். பரிவு நரம்பு முனைகள் வெளியிடும் நார்அட்ரீனலின் குடலின் குருதிக்குழாய்களைச் சுருக்குகின்றது. உணர்நரம்பு முனைகள் வெளியிடும் பெப்டைடுகள் அவற்றை விரிக்கின்றன. அறுவையால் ஏற்படும் வலியும் குருதியிழப்பும் பரிவுத் தூண்டலை மிகுவிப்பதால், தையல் விளிம்புகளுக்குச் செல்லும் குருதி குறையக்கூடும்.

இரண்டாவது, அழற்சி. அறுவைக்குப் பிந்தைய முதல் சில நாள்களில் கொல்லாஜன் உருவாவதைவிட மிகுதியாகச் சிதைகின்றது. அக்காலத்தில் இணைப்பு பெரிதும் தையலையே சார்ந்திருக்கும். அழற்சி அளவுகடந்து நீடித்தால் இந்த வலுவற்ற காலமும் நீளும். வேகஸ் நரம்பைத் தூண்டினால் நச்சேற்றப்பட்ட எலிகளின் அழற்சி தணிவதை கெவின் டிரேசி குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்டனர். அறுவைக்குப் பின் சுண்டெலிகளில் தோன்றும் குடல் அசைவின்மையும் இத்தூண்டலால் குறைவதை 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. குடற்சுவரின் விழுங்கு செல்கள் மீது அசிட்டைல்கோலின் செயற்படுவதே இதன் வழியாகும்.

மூன்றாவது, அசைவு. குடல் வெட்டப்படும் இடத்தில் ஆவர்பாக் பின்னலின் தொடர்ச்சி அறுகின்றது. அதனால் இணைப்பைக் கடந்து செல்லும் அலைகளின் ஒருங்கிணைவு குலைகின்றது. அசைவின்மை நீடித்தால் காற்றும் நீரும் தேங்கிக் குடல் விரிவடைந்து, தையலின் மீது இழுவிசை மிகும்.

முடிவுரை

நரம்பின் செல்வாக்கு குருதியோட்டம், அழற்சி, அசைவு ஆகியவற்றின் ஊடாகவே இணைப்பைச் சென்றடைகின்றது. வேகஸ் தூண்டல் அழற்சியைத் தணிக்கின்றது என்னும் விலங்காய்வு முடிவை, அது மனிதரில் கசிவைத் தடுக்கும் என்று விரித்துரைப்பது முறையன்று. மலக்குடல் அறுவையில் இடுப்பறை நரம்புகளைக் காப்பது சிறுநீர், பாலியல் செயற்பாடுகளுக்காக ஏற்கெனவே வலியுறுத்தப்படுகின்றது. நரம்பைக் காத்தலும், வலியைத் தணித்தலும், தக்க நோயாளிகளுக்கு விரைவில் உணவு தொடங்குதலும் நல்ல குருதியோட்டத்திற்கும் செம்மையான தையலுக்கும் துணையாவனவே அன்றி மாற்றாவன அல்ல.