மீன் தொட்டியில் பாசிப் படை

மாணவர்களே! உங்கள் மீன் தொட்டியில் பச்சைப் பாசி படர்ந்துவிட்டதா? பாசிக்கொல்லி மருந்தைத் தேடி ஓடாதீர்கள். பாசி மொத்தமாக மடிந்து அழுகினால், அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறி இறக்க நேரிடும்.

பாசி பெருகக் காரணம் என்ன? மிஞ்சிய ஒளியும் மிஞ்சிய சத்தும்தான். தின்னாமல் விட்ட தீனியும் மீனின் கழிவும் நைட்ரேட், பாஸ்பேட் உப்புகளாக மாறிப் பாசிக்கு உரமாகின்றன.

எனவே, தொட்டியை வெயில் படாத இடத்தில் வையுங்கள். விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். தீனியைக் குறையுங்கள். பாசியைச் சுரண்டி எடுத்து, வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுங்கள்; புது நீரில் குளோரின் இருக்கக் கூடாது. வேகமாக வளரும் வாலிஸ்னேரியா போன்ற செடிகளை நெருக்கமாக நடுங்கள். பாசிக்குப் போகும் சத்தை அவை உறிஞ்சிக்கொள்ளும். பாசியை மருந்திட்டுக் கொல்வதைவிடப் பட்டினி போடுவதே நல்லது!