பனிமலையில் ஒரு பாலபாடம்

நம் ஊரில் பனி என்றால் மார்கழிப் பனிதான். விடியற்காலையில் கோலம் போடப் போகும்போது, "தலையில் பனி இறங்கும், துண்டைக் கட்டிக்கொள்" என்று பாட்டி குரல் கொடுப்பாள். அந்தப் பனியோடு வளர்ந்த நான் தில்லிக்கு வந்து 26 குளிர்காலங்களைப் பார்த்தாயிற்று. ஆனாலும், உறைபனி மேல் இரண்டு பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு சறுக்குவது தொலைக்காட்சியில் மட்டும் நடக்கும் சங்கதி என்றே எண்ணியிருந்தேன்.

அண்மையில் ஒரு ஜனவரி விடுமுறையில், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பிடிவாதத்தால் ஔலிக்குப் போனோம். அவள் கற்றுக்கொள்வாள், நான் வெயிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன் என்பது ஏற்பாடு. அது நடக்கவில்லை. 47 வயதில் நானும் பலகை மாட்டினேன். முதல் நாளில் என்ன சொல்லித் தருகிறார்கள், எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதை, குழந்தைகளை அழைத்துப் போக நினைக்கும் நம் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

ஔலி எங்கே இருக்கிறது?

உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், ஜோஷிமட்டுக்கு மேலே இருக்கும் புல்வெளிச் சரிவுதான் ஔலி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டரில் தொடங்கி 3,000 மீட்டர் வரை ஏறுகிறது. 2011 ஜனவரியில் முதலாவது தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பகுதி இங்கேதான் நடந்தது. நம்மவர்களுக்கு ஜோஷிமட் புதிய ஊர் அல்ல. ஆழ்வார் பாடிய திருப்பிரிதி இந்தத் தலம்தான் என்பது வைணவ மரபு. பத்ரிநாத் யாத்திரை போன பலரும் இங்கே நரசிம்மர் சந்நிதியில் நின்றிருப்பார்கள்.

ரிஷிகேசத்திலிருந்து ஏறத்தாழ 250 கி.மீ. மலைப்பாதை. தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று நதிகள் கூடும் இடங்களைத் தாண்டிக்கொண்டே போக ஒரு பகல் முழுவதும் ஆகிவிடும். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் கண்டதும், அங்கிருந்து ஔலிக்குப் போகும் ரோப்வேயை நிறுத்தினார்கள். நாங்கள் ஜீப்பில்தான் ஏறினோம். சாலையோரத்தில் விரிசல் விட்ட சுவர்களைப் பார்த்தபோது மனம் கனத்தது. பனிக்காக வரும் விருந்தாளிகளை நம்பித்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

உடையும் உபகரணமும்

முதலில் நம் வழக்கங்கள் சிலவற்றை விட வேண்டும். பருத்தி பனியன் கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்பைக் குளிர வைக்கும். உள்ளே மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் ஒரு ஸ்வெட்டர், மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு போதும். சாக்ஸ் ஒரே ஒரு ஜோடிதான். குளிருக்குப் பயந்து நான் மூன்று ஜோடி மாட்டிப் போனேன். இறுகிய காலில் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும்தான் குளிரும் என்று கழற்ற வைத்தார்கள். தலைக்கு ஹெல்மெட் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் குலச்சின்னமான மங்க்கி குல்லாயை அதற்கடியில் போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது. அதை அறையிலேயே விட்டுவிடலாம்.

கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல. புதிதாக விழுந்த பனி, சூரியனின் புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் நின்றால் மாலையில் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும். முகத்துக்குப் பூசும் களிம்பை மோவாய்க்கு அடியிலும் பூச வேண்டும். இங்கே வெயில் கீழேயிருந்தும் அடிக்கிறது.

ஸ்கீ பூட்ஸ் இரும்புச் சட்டி போல விறைப்பாக இருக்கும். நிமிர்ந்து நிற்கவே விடாது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்தும்படி முன்சாய்ந்து நிற்பதற்கென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். விரல்கள் அசைய வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. இதுதான் சரியான அளவு. பலகையின் நீளம் புதியவர்களுக்கு மார்பு முதல் மோவாய் வரை இருந்தால் போதும். நீளம் கூடக் கூடத் திருப்புவது கடினம்.

பூட்ஸையும் பலகையையும் இணைக்கும் பிடிப்புக்கு பைண்டிங் என்று பெயர். உயிர்நாடி இதுதான். விழும்போது கால் முறுக்கிக்கொண்டால் முன்பக்கப் பிடி பக்கவாட்டில் விடுவிக்கும். முன்னால் குப்புற விழுந்தால் பின்பக்கப் பிடி மேலே விடுவிக்கும். எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸின் அடி நீளம், தேர்ச்சி ஆகியவற்றை வைத்து ஒரு எண்ணாகத் திருகி வைக்கிறார்கள். வாடகைக்கு எடுக்கும் இடத்தில், அளவு கேட்காமல் பலகையை நீட்டினால் வாங்காதீர்கள். நம் எடையைக் குறைத்துச் சொல்லும் இடமும் இதுவல்ல, சகோதரிகளே!

முதல் பாடம்: விழுவது

எங்கள் பயிற்சியாளர் உள்ளூர் கட்வாலி இளைஞர். நான் நாற்காலி தேடுவதைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டிஜி, பார்த்துக்கொண்டிருந்தால் குளிரும், வாருங்கள்" என்று ஹிந்தியில் அழைத்தார். மறுக்க வாய் வரவில்லை.

நிற்கக் கற்றுத்தரும் முன்பே விழக் கற்றுத்தந்தார். பின்னால் உட்காருவது போல் விழக் கூடாது. பலகைகள் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும், முழங்கால் ஜவ்வு கிழிவது பெரும்பாலும் இப்படித்தான். சமாளிக்க முடியாது என்று தெரிந்தால் உடம்பைத் தளர்த்தி, மேட்டுப் பக்கமாக இடுப்பின் பக்கவாட்டில் சாய வேண்டும். கையை ஊன்றக் கூடாது. தடியைக் கெட்டியாகப் பிடித்தபடி விழுந்தால் கட்டைவிரல் தசைநார் பிய்ந்துபோகும். முற்றிலும் நிற்கும் வரை எழ முயலக் கூடாது.

எழுவதற்கும் முறை உண்டு. பலகைகள் இரண்டையும் நமக்குக் கீழ்ப்பக்கமாகக் கொண்டுவந்து, சரிவுக்குக் குறுக்கே வைக்க வேண்டும். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் எந்த வழியில் ஓடுமோ அதுதான் சரிவின் கோடு. அதற்குக் குறுக்கே இருந்தால் பலகை ஓடாது, அதன் வழியே இருந்தால் நிற்காது. இந்த ஒரு வரியில் பாதி ஸ்கீயிங் அடங்கிவிடுகிறது. நான் எழப் பழகியதில் முக்கால் மணி நேரம் போயிற்று. என் மகள் மூன்றாம் தடவையிலேயே துள்ளி எழுந்தாள்.

நடப்பதும் நிற்பதும்

அடுத்து, சமதளத்தில் ஒரே பலகையுடன் தள்ளித் தள்ளி நடந்தோம். பிறகு இரண்டும். மேலே ஏற, சரிவுக்குக் குறுக்காக நின்று மாடிப்படி ஏறுவது போல் பக்கவாட்டில் அடி வைக்க வேண்டும். பலகையின் ஓரத்தில் உள்ள எஃகு விளிம்பு பனியைக் கடித்துக்கொள்ளும். பத்தடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. அந்த உயரத்தில் காற்று மெலிது. அதனால்தான் முதல் நாள் ஜோஷிமட்டில் ஓர் இரவு தங்கிப் போவது நல்லது. தலைவலி, குமட்டல் இருந்தால் பயிற்சியை ஒத்திப்போட வேண்டும். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகுதான் சறுக்கல். கீழே சமதளத்தில் தானாகவே நிற்கும்படியான ஒரு சின்ன மேட்டிலிருந்து, பலகைகள் இணையாக, முழங்கால் மடங்கி, கைகள் முன்னால். உராய்வின் சூட்டில் பனி லேசாக இளகி ஈரப்படலமாகிறது. அதன்மேல் பலகை வழுக்குகிறது. நான் பயத்தில் பின்னால் சாய்ந்தேன், பலகை முன்னால் ஓடியது. "ஜுக்கோ, ஆன்ட்டிஜி, ஜுக்கோ!" என்று அவர் கத்தினார். குனியுங்கள் என்று பொருள். பயந்தால் பின்வாங்குவது மனித சுபாவம். இங்கோ பயம் வரும்போது முன்னால் சாய வேண்டும். அப்போதுதான் பலகையின் முன்பகுதியில் பாரம் இறங்கி அது நம் சொல் கேட்கும்.

நிறுத்துவதற்குக் கலப்பை முறை. பலகைகளின் முன் நுனிகள் ஒன்றையொன்று நெருங்கி, பின் நுனிகள் விலகி, ஆங்கில 'வி' எழுத்தைத் தலைகீழாக வைத்தது போல் இருக்க வேண்டும். குதிகால்களை வெளியே தள்ளி உள்விளிம்புகளை அழுத்தினால் பனியை உழுதுகொண்டே வேகம் குறையும். எவ்வளவு அகலமாக விரிக்கிறோமோ அவ்வளவு மெதுவாகும். முன் நுனிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் மட்டும் ஆபத்து.

திருப்புவது இதன் தொடர்ச்சி. இடப்பக்கம் போக வலது காலை அழுத்த வேண்டும், வலப்பக்கம் போக இடது காலை. முதலில் இது தலைகீழாகத் தோன்றும். கலப்பை நிலையில் வலது பலகை ஏற்கெனவே இடப்பக்கம் நோக்கித்தானே இருக்கிறது? அதன்மேல் பாரம் ஏற்றினால் அது பார்க்கும் திசையில் நம்மைக் கொண்டுபோகிறது. காரணம் புரிந்ததும் என் கால்களுக்கும் புரிந்துவிட்டது. ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் பகுதியில் ஹான்னஸ் ஷ்னைடர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த பாடமுறையும் இதே வரிசைதான்: முதலில் கலப்பை, பிறகு சற்றே விரித்த திருப்பம், கடைசியில் இணைப் பலகை.

மேலே போகலாமா?

பிற்பகல் மூன்று மணி. மகளுக்குத் தைரியம் வந்துவிட்டது. பக்கத்துக் குழுவில் அன்று காலைதான் தொடங்கிய சில இளைஞர்கள் நாற்காலி லிஃப்டில் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். "அம்மா, நானும் ஒரே ஒரு தடவை" என்றாள். பயிற்சியாளர் என் முகத்தைப் பார்த்தார். காசு கொடுத்து வந்திருப்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தயக்கம் என்று புரிந்தது. வேண்டாம் என்று நான் வெறுமனே சொன்னால் பதினான்கு வயதுப் பெண் கேட்பாளா?

அவரிடமே ஒரு வழி கேட்டேன். அவர் தம் கையுறை ஒன்றைச் சரிவின் நடுவில் போட்டார். "இதன் அருகே வந்து நிற்க வேண்டும். மூன்று தடவை. மூன்றிலும் நின்றால் மேலே போகலாம்" என்றார். முதல் தடவை மகள் கையுறைக்குப் பக்கத்திலேயே நின்றாள். இரண்டாம் தடவை இரண்டு ஆள் நீளம் தாண்டிப் போனாள். மூன்றாம் தடவை கையுறையையே மிதித்துக்கொண்டு கீழே வரை போய்விட்டாள். திரும்பி ஏறி வந்தவள், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தானே சொன்னாள்.

சிறிது நேரத்தில், மேலே போன இளைஞர்களில் ஒருவரை இரண்டு பேர் தாங்கிக் கீழே கொண்டுவந்தார்கள். முழங்கால் வீங்கியிருந்தது. அவருக்குச் சறுக்கத் தெரியாமல் இல்லை, நிறுத்தத்தான் தெரியவில்லை. மகள் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நினைத்த இடத்தில் நிற்க முடிகிறவர்தான் மேலே போகலாம். குழந்தையின் வயதோ, ஆர்வமோ, கூட வந்தவர்களின் அவசரமோ அளவுகோல் அல்ல. இன்னும் இரண்டு விதிகள். முன்னால் கீழே போகிறவருக்கே வழி உரிமை, மேலிருந்து வருகிறவர்தான் விலக வேண்டும். ஓய்வெடுப்பதானால் ஓரத்தில், மேலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு

ஒரே நாளில் எல்லாம் வந்துவிடாது. கட்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்தி வந்திருக்கும் 7 நாள், 14 நாள் பயிற்சி முகாம்கள் போல, சில நாட்களாவது தொடர்ந்து கற்பது பலன் தரும். புறப்படும் முன் பனி விழுந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். 2023 பிப்ரவரியில் ஔலியில் நடக்கவிருந்த தேசியப் போட்டிகளே பனி இல்லாமல் ரத்தாயின. நாங்கள் போவதற்குச் சில நாட்கள் முன்பு நல்ல பனி விழுந்தது எங்கள் அதிர்ஷ்டம். கூட்டமும் களைப்பும் சேரும் கடைசி ஒரு மணி நேரத்தில் பலகையைக் கழற்றிவிடுவது உத்தமம். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்பதில்தான் பலர் அடிபடுகிறார்கள்.

அன்று மாலை, 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவி சிகரத்தின் மேல் வெயில் பொன்னாக மாறுவதைச் சூடான டீயுடன் பார்த்தோம். நான் அன்று எண்ணிய வரை 19 தடவை விழுந்திருந்தேன், 19 தடவையும் எழுந்திருந்தேன். கடைசிச் சில தடவைகள் யாருடைய கையையும் பிடிக்காமல்.

மறுநாள் காலை கையுறைப் பரீட்சையில் மகள் மூன்றுக்கு மூன்று. லிஃப்டில் ஏறியவள் திரும்பிக் கையசைத்தாள். நான் கீழே குழந்தைகள் சரிவில், ஏழு வயதுப் பையன் ஒருவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். அவன் என்னைப் பார்த்து, "குனியுங்கள் ஆன்ட்டி, பயப்படாதீர்கள்" என்று ஹிந்தியில் பாடம் சொன்னான். குனிந்தேன்.