555 நோட்டில் ஆறில் ஒரு பங்கு

அம்மாவின் பழைய மைலோ டின்னுக்குள் பதினொரு 555 நோட்டுகள் இருக்கின்றன. சட்டைப் பையில் அடங்கும் அந்தக் குட்டி நோட்டை மலேசியாவில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துக் கடையில் கடனுக்குச் சாமான் எடுத்தால் கடைக்காரர் ஒரு நோட்டில் எழுதுவார், வீட்டுக்காரம்மா இன்னொன்றில் எழுதிக்கொள்வார். சம்பள நாளன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டுவார்கள். கூட்டல் ஒத்துப்போகாத மாதங்களில் நடந்த சண்டைகளை எழுதினால் அது வேறு கட்டுரை.

கோல சிலாங்கூரில், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்து வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது கடன் கிடையாது, ரொக்கம்தான். ஆனாலும் அம்மா எழுதுகிறார். ‘அரிசி 10’, ‘பருப்பு 1’, ‘சி.வெ. ½’, அதாவது சின்ன வெங்காயம் அரைக் கிலோ. உப்புக்கு மட்டும் கணக்கு கிடையாது. உப்பை எழுதினால் வீட்டுக்கு ஆகாதாம்.

இந்த நோட்டையும் அரசாங்கத்தின் கணக்கையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

முதலில் அரசாங்க நோட்டு. புள்ளிவிவரத் துறையின் 2022ஆம் ஆண்டுக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்புப்படி, மலேசியக் குடும்பம் ஒன்று மாதம் சராசரியாக 5,150 வெள்ளி செலவழித்தது. (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம், சென் என்பதைக் காசு என்போம்.) அதில் வீட்டில் சமைத்துச் சாப்பிடும் உணவுக்கு 16.3 விழுக்காடு. பெருக்கினால் 839 வெள்ளி சொச்சம். 2019இல் மொத்தச் செலவு 4,534, உணவின் பங்கு 17.3 விழுக்காடு, அதாவது 784 வெள்ளி. மூன்று வருடத்தில் ஏறியது 55 வெள்ளிதான். ஒருநாள் மீன் வாங்கப் போனாலே கையைக் கடிக்கிற காலத்தில், மூன்று வருடத்துக்கு 55 வெள்ளியா என்று அம்மா சிரிப்பார். சிரிப்புக்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

அதே கணக்கெடுப்பில் வெளிச்சாப்பாடும் தங்குமிடமும் சேர்ந்த பிரிவு 16.1 விழுக்காடு. வீட்டு அடுப்புக்கும் வெளிச்சாப்பாட்டுக்கும் கிட்டத்தட்டச் சரிபாதிச் செலவு. இது பெரும்பாலும் பட்டணத்து வாழ்க்கையின் படம். ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும், அதாவது எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கிற ஊரில், வெளிச்சாப்பாடு என்றால் சம்பள நாள் ரொட்டிச் சானாய். மற்ற நாளெல்லாம் சோறும் குழம்பும்தான். எனவே எங்களுக்கு அந்த 839தான் உறைக்கும் எண்.

அதைச் சம்பளத்தோடு ஒட்டிப் பார்க்கலாம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. சேமநிதிக்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி, பிடித்தால் கையில் 1,513. சொக்சோ காப்புறுதிக்குப் பிடிப்பது தனி. ஒரே சம்பளத்தில் ஓடும் வீடு சராசரிக் குடும்பத்தின் சாப்பாட்டைச் சாப்பிட நினைத்தால் கைக்கு வந்ததில் பாதிக்கு மேல், 55 விழுக்காடு, அடுப்படியிலேயே முடிந்துவிடும். வருமானம் குறையக் குறையச் சாப்பாட்டுச் செலவின் பங்கு கூடும் என்று 1857இல் எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் எழுதிவைத்தார். காலையில் ஆள் கூடும் எங்கள் பெரட்டுக் களத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், பாவம், அவர் இவ்வளவு தூரம் வரவில்லை.

இனி, அரசாங்கம் விலை நிறுத்திவைத்திருந்த சாமான்கள். ஐந்து பேர் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். அளவுகள் அம்மாவின் நோட்டை ஒட்டி நான் போட்டவை. விலைகள் 2024 ஜூன் கடைசியில் இருந்த கட்டுப்பாட்டு விலைகள்.

உள்ளூர் வெள்ளை அரிசி 30 கிலோ, கிலோ 2.60: 78.00
பாக்கெட் சமையல் எண்ணெய் 5 கிலோ, கிலோ 2.50: 12.50
சீனி 4 கிலோ, கிலோ 2.85: 11.40
கோதுமை மாவு 4 கிலோ, கிலோ 1.35: 5.40
‘பி’ தர முட்டை மூன்று தட்டு, 90 முட்டை, ஒன்று 40 காசு: 36.00

மொத்தம் 143 வெள்ளி 30 காசு. 14 கிலோ கேஸ் தோம்பு 26.60, அது சாப்பாட்டுக் கணக்கில் வராது. 839இல் 143 என்பது 17 விழுக்காடு, ஆறில் ஒரு பங்கு. சொந்த அளவையும் நாட்டுச் சராசரியையும் ஒட்டவைத்த முரட்டுக் கணக்குத்தான், ஆனாலும் திசை தெரிகிறது. அந்தக் காலத்து ராஜா விளைச்சலில் ஆறில் ஒரு பங்கை வரியாக வாங்கினான் என்று படித்திருக்கிறோம். இந்தக் காலத்து அரசாங்கம் 2024இல் ஆறில் ஒரு பங்குக்கு விலையைப் பிடித்து நிறுத்தித் தந்தது. மீதி ஐந்து பங்கு, 696 வெள்ளி, காற்றில் ஆடியது.

அந்த ஒரு பங்கும் முழுசாக எங்கள் பங்கு இல்லை. பட்டியலின் முதல் வரியைப் பாருங்கள்: உள்ளூர் வெள்ளை அரிசி. பத்துக் கிலோ 26 வெள்ளி என்ற விலை 2008இலிருந்து அசையவில்லை. ஆனால் எங்கள் லயத்தில் வடித்தது புழுங்கலரிசி. கப்பலில் வந்த அரிசி. அதற்கு விலைப் பலகை கிடையாது. வேடிக்கை என்னவென்றால், வீட்டிலிருந்து வடக்கே மோட்டார்சைக்கிளை விட்டால் தஞ்சோங் காராங்கிலிருந்து செகிஞ்சானைத் தாண்டிச் சபாக் பெர்ணாம் பக்கம்வரை வயல்தான். சுமார் 19,000 ஹெக்டேர் நீர்ப்பாசனம், நாட்டின் பேர்போன நெற்களஞ்சியங்களில் ஒன்று. அறுப்புக் காலத்தில் கொக்குக் கூட்டத்தைப் படமெடுக்கக் கோலாலம்பூரிலிருந்து கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த வயலைப் பார்த்துக்கொண்டே போய் இந்திய அரிசி வாங்கி வருவது எங்கள் வழக்கம்.

2023இல் அந்த வழக்கத்துக்கு அடி விழுந்தது. ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடைசெய்தது. ஆகஸ்டு 25 அன்று புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. செப்டம்பர் 1 அன்று, அரிசி இறக்குமதி நிறுவனமான பெர்னாஸ், இறக்குமதி வெள்ளை அரிசியை டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200க்கு ஏற்றியது. ஒரே ராத்திரியில் கிலோவுக்கு 85 காசு. மாதம் 30 கிலோ என்றால் 25 வெள்ளி 50 காசு, வருடத்துக்கு 306. இது மொத்த விலை மட்டும், கடைக்காரரின் பங்கு இதன் மேல்.

இன்னொரு மாதிரியும் இதை அளக்கலாம். அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,500. ஆகஸ்டு 31 அன்று பழைய மொத்த விலையில் அது 638 கிலோ இறக்குமதி அரிசிக்குச் சமம். மறுநாள் 469 கிலோ. சம்பளச் சீட்டில் ஒரு காசும் குறையாமல் 169 கிலோ காணாமல் போயிற்று.

இறக்குமதி அரிசி ஏறியதும் எல்லாரும் 26 வெள்ளி மூட்டையைத் தேடி ஓடினார்கள். அலமாரியில் மூட்டை இல்லை. விலை நிறுத்திய சாமானின் பெரிய குணம் அதுதான், விலை நிற்கும், சாமான் நிற்காது. 2024 செப்டம்பரில் இந்தியா தடையை நீக்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

எண்ணெயிலும் அதே கதை, ஆனால் இன்னும் கசப்பு. சுற்றிலும் செம்பனை. இருபது கிலோக் குலை ஒன்றை ஆலையில் போட்டால் சுமார் நாலு கிலோ கச்சா எண்ணெய் வரும், பிழிவு விகிதம் ஐந்தில் ஒன்று. 2022இல் கச்சாப் பாமாயிலின் சராசரி விலை டன் 5,000 வெள்ளியைத் தாண்டியது, கிலோ ஐந்து வெள்ளிக்கு மேல். பாக்கெட் எண்ணெயோ கிலோ 2.50. கச்சா எண்ணெயில் பாதி விலைக்கு, சுத்திகரித்துப் பையில் அடைத்த எண்ணெய்! வித்தியாசத்தை அரசாங்கம் கட்டுகிறது, நல்லதுதான். ஆனால் பாக்கெட் வந்த அன்றைக்குக் கடைக்குப் போயிருக்க வேண்டும்.

“அண்ணே, பாக்கெட்டு இருக்கா?”

“ஆளுக்கு ரெண்டும்மா. தம்பியையும் கூட்டிட்டு வந்திருந்தா நாலு.”

அம்மா வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். நாற்பத்தெட்டு வயதுத் தம்பி நான், போய் நின்று இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன்.

கோழி, முட்டையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2022 ஜூலையில் கோழிக்குக் கிலோ 9.40 என்று உச்ச விலை வந்தது, 2023 நவம்பர் 1 அன்று கட்டுப்பாடே போயிற்று. முட்டைக்கு 2025 மே மாதம் மானியம் பாதியானது, ஆகஸ்டு 1 அன்று மானியமும் கட்டுப்பாடும் சேர்ந்து போயின. என் பட்டியலின் கடைசி வரியை இப்போது அடித்துவிட வேண்டும். மிச்சம் 107 வெள்ளி 30 காசு. ஆறில் ஒரு பங்கு எட்டில் ஒரு பங்காகத் தேய்ந்துவிட்டது.

மாநில அரசின் மலிவு விற்பனை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஜுவாலான் எஹ்சான் ராக்யாட் வண்டி வரும் நாளில் ‘பி’ தர முட்டை ஒரு தட்டு 10 வெள்ளிக்குக் கொடுத்தார்கள். 12க்குப் பதில் 10, மூன்று தட்டுக்கு ஆறு வெள்ளி மிச்சம். ஆனால் வரிசை காலையில் நிற்கும். ஆறு நாள் வேலைக்கு 1,700 சம்பளத்தின் நாள்கூலி 65 வெள்ளி 38 காசு, அரைநாள் போனால் 32 வெள்ளி 69 காசு. முட்டையோடு கோழியும் அரிசியும் வாங்கினால்தான் கட்டுப்படியாகும். எனவே வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் வேலையை விட்ட கிழவிகள். எங்கள் வீட்டுச் சார்பில் அம்மா.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சம்பளம் ஏறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2022 மே மாதத்துக்கு முன்பு நகராட்சிப் பகுதிகளில் 1,200, மற்ற இடங்களில் 1,100. பிறகு 1,500, இப்போது 1,700. உணவு விலையேற்றம் 2022இல் 5.8, 2023இல் 4.8, 2024இல் 2 விழுக்காடு. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் 100 வெள்ளிச் சாமான் 113 ஆகிறது. அதே காலத்தில் 1,200 சம்பளம் 1,700 ஆனது, 42 விழுக்காடு ஏற்றம். காகிதத்தில் சம்பளம்தான் ஜெயித்திருக்கிறது.

பின் ஏன் போதவில்லை? தொடங்கிய இடம் அவ்வளவு பள்ளம். 2022இல் அரசாங்கமே வகுத்த வறுமைக்கோடு குடும்பத்துக்கு மாதம் 2,589 வெள்ளி. அன்றைய 1,500 அதில் 58 விழுக்காடு. இரண்டு பேர் உழைத்தால்தான் ஒரு குடும்பம் கோட்டைத் தாண்டும் என்று அரசாங்க எண்களே ஒப்புக்கொள்கின்றன.

இந்தக் கணக்கை எங்கள் பாட்டன்மார்களுக்கும் போட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத் தமிழனின் கூலி, அவன் மாதம் என்ன தின்பான், உடுப்பான் என்ற செலவுப் பட்டியலை வைத்தே நிர்ணயமானது. ஆணுக்கு நாள் 50 காசு, பெண்ணுக்கு 40. 1938இல் அதை 45, 36 என்று வெட்டினார்கள். இந்திய அரசு அந்த ஜூன் மாதமே, தொழிலாளர்கள் உதவிபெற்று இங்கே கப்பலேறி வருவதை நிறுத்தியது. வெட்டிலும் விகிதம் தவறவில்லை பாருங்கள்: இரண்டிலும் பெண்ணுக்கு ஐந்தில் நாலு பங்கு. 1941இல், போர்க்கால விலைவாசி ஏறிக்கொண்டிருந்தபோது, கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தம் சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவி, துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. கேட்டவற்றில் கூலி உயர்வும் இருந்தது, துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் இருந்தது.

சரி, அம்மாவின் சிரிப்புக்கு வருகிறேன். மூன்று வருடத்தில் 55 வெள்ளிதான் ஏறியது என்று கணக்கெடுப்பு சொன்னது எப்படி? நோட்டைப் புரட்டினால் புரிகிறது. அரசாங்கம் எழுதுவது செலவு. அம்மா எழுதுவது அளவு. விலை ஏறினால் அம்மா கூடுதலாகச் செலவழிப்பதில்லை, கூடுதலாகச் செலவழிக்கப் பணம் இல்லை. குறைவாக வாங்குகிறார். செலவுப் பத்தியில் அது தெரியவே தெரியாது.

2023 டிசம்பர் 8 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது, மறுவருடம் மே 4 அன்றுதான் திறந்தது. அந்த ஐந்து மாதப் பக்கங்களை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். தடைக்கு முன், நவம்பரில் ‘சி.வெ. 1’. டிசம்பர் கடைசியில் ‘சி.வெ. ½’. ஜனவரியில் ‘¼’. பிப்ரவரியில் ஒரு பக்கத்தில் ‘சி.வெ.’ என்று எழுதி, எண் போடாமல் விட்டிருக்கிறார்.

“இது என்னம்மா, அளவையே காணோம்?”

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“கடைக்காரன் சும்மா ஒரு பிடி குடுத்தான். தாளிக்கறதுக்கு. அதுக்கு எப்படிக் கணக்கு எழுதறது?”