நடுங்கும் கைகளுக்காகத் தரும் காசு



கடந்த மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு சகோதரி கோவில் வாசலில் காத்து நின்றார். அவருடைய கணவருக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுங்குவதால் இப்போது நற்கருணையை நாவில்தான் வாங்குகிறார். அமெரிக்காவில் வேலை செய்யும் மகன், இந்நோய்க்கான ஆராய்ச்சிக்கு மாதந்தோறும் நன்கொடை கொடுக்க விரும்புகிறாராம். "கருவை அழிச்சுச் செய்யுற ஆராய்ச்சின்னு சொல்றாங்களே சாமி, கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

மூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பு செல்கள் மெல்ல மெல்ல அழிவதால் வருவது இந்நோய். 1960களில் வந்த லெவோடோபாதான் இன்றும் முதன்மையான மருந்து. அது நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்கும். செல்கள் அழிவதைத் தடுக்காது. அழிந்த செல்களுக்குப் பதிலாகப் புதியவற்றை மூளையில் வைக்கலாம் என்ற எண்ணத்தில்தான் ஸ்டெம் செல் ஆராய்ச்சி பெரிதானது. ஆனால் அந்த ஸ்டெம் செல்களை மனிதக் கருவிலிருந்து எடுத்தால் கரு அழிந்துவிடும்.

இதற்கு அரசு நிதி கொடுக்கலாமா என்று அமெரிக்கா தவித்துக்கொண்டிருந்த வேளையில், 2001 ஜூலை 23 அன்று, அதிபர் ஜார்ஜ் புஷ் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலைச் சந்தித்தார். ஆராய்ச்சிக்காக மனிதக் கருவை உருவாக்கி அழிப்பது தீமை என்று திருத்தந்தை அவரிடம் தெளிவாகச் சொன்னார். சொன்னவரின் கையே நடுங்கிக்கொண்டிருந்தது. நோயாளிகள்மீது திருச்சபைக்கு இரக்கமில்லை என்று அன்று பலர் ஏசினார்கள். ஏசப்பட்டவரே அந்த நோயாளி என்பதை எத்தனை பேர் நினைத்தார்களோ! ஆகஸ்ட் 9 அன்று புஷ், ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்த செல்களைக் கொண்டு நடக்கும் ஆராய்ச்சிக்கு மட்டும் நிதியை அனுமதித்தார். 2009இல் ஒபாமா அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்.

இதற்கிடையில் 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, வளர்ந்த எலியின் சாதாரண செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றிக் காட்டினார். மறு ஆண்டு மனிதரின் தோல் செல்லிலும் அது முடிந்தது. கரு தேவைப்படவில்லை. 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த முறையில் உருவான செல்களை கியோட்டோ மருத்துவர்கள் 2018 முதல் 7 நோயாளிகளின் மூளையில் வைத்தனர். பெரிய தீங்கு எதுவும் நேரவில்லை, வைத்த செல்கள் டோபமினைச் சுரக்கின்றன என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

அதே நேரத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. கருவிலிருந்து பெற்ற செல்களை அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேருக்கு வைத்ததில் அதுவும் பாதுகாப்பாகவே இருந்தது. எனவே நம் வழி மட்டும்தான் பலித்தது என்று மார்தட்டிக்கொள்ள இடமில்லை. பலிக்காது என்பதற்காகத் திருச்சபை அதை மறுக்கவில்லை. பலித்தாலும் கூடாது என்றே மறுத்தது. இதைச் சொல்வது, தினமும் கணவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும் ஒரு மனைவியின் முன்னால் எளிதல்ல.

ஆனாலும் அவரிடம் "கொடுக்க வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. இந்நோய் பற்றிய ஆராய்ச்சியில் மிகுதியானது கருவைத் தொடுவதே இல்லை: புதிய மருந்துகள், மரபணுக்கள், மூளையில் படியும் புரதம், நோயை முன்கூட்டியே கண்டறிதல். ஆகவே பணம் எந்த ஆய்வுக்குப் போகிறது, கருவைப் பயன்படுத்தாத ஆய்வுக்கு மட்டும் ஒதுக்க முடியுமா என்று மகன் அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கட்டும் என்றேன். கொடுப்பவருக்கு அப்படிக் கேட்கும் உரிமை உண்டு.

மகன் எழுதியிருக்கிறார். பதில் வரும்வரை அந்தப் பணம் அப்பாவின் பிசியோதெரபிக்குப் போகிறதாம்.