எஞ்சினைத் தாங்கும் ரப்பர்

மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பற்றிப் பேசுவோர் பலர். அந்த எஞ்சின் எதன்மேல் அமர்ந்திருக்கிறது என்று கேட்போர் சிலரே. எஞ்சினுக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் இடையே, கைக்கு அடக்கமான ஒரு துண்டு இருக்கிறது. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டவைத்துச் செய்தது அது. பட்டறைகளில் இதனை 'மவுண்டிங்' என்பார்கள். விலை உயர்ந்த வண்டி ஒன்று முதுமை எய்தும்போது இத்துண்டு என்ன ஆகிறது, அதனை மாற்றுவது எப்படி என்பன பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

ஜப்பான் நாட்டு டொயோட்டா நிறுவனம் 1989-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த லெக்சஸ் எல்.எஸ். 400 என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ளது 8 சிலிண்டர்களும் 4 லிட்டர் கொள்ளளவும் கொண்ட எஞ்சின். அவ்வண்டிக்காக எடுத்த விளம்பரப் படத்தில், எஞ்சின் மூடியின்மேல் கண்ணாடிக் கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கி, சக்கரங்களை உருளைகளின்மீது அதிவேகமாகச் சுழலவிட்டுக் காட்டினார்கள். ஒரு கிண்ணமும் விழவில்லை. அதே வண்டி முப்பது ஆண்டு உழைத்தபின் சாலைச் சந்திப்பில் நிற்கும்போது ஸ்டியரிங் சக்கரம் நடுங்குகிறது, இருக்கை அதிர்கிறது. உடையவர் எஞ்சின் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார். பிளக்கை மாற்றுகிறார்; பெட்ரோல் குழாயைத் துப்புரவு செய்கிறார்; கடைசியில் வந்த விலைக்கு விற்றுவிடவும் துணிகிறார். குற்றம் பல வேளைகளில் எஞ்சினுடையது அன்று. அதைத் தாங்கும் ரப்பருடையது.

இந்த ரப்பருக்கு ஒன்றுக்கொன்று மாறான இரண்டு கடமைகள் உண்டு. கனத்த எஞ்சினை இடம் பெயராமல் உறுதியாகப் பிடிக்கவேண்டும். அதன் துடிப்பு உடலுக்கு எட்டாதபடி மென்மையாகவும் இருக்கவேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 600 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடிக்கு 10 சுற்று. 8 சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் 4 வெடிப்பு. ஆக, நொடிக்கு 40 துடிப்பு. இவை ஏன் நம்மை வந்து அடைவதில்லை? வகுப்பில் இதனை ஊஞ்சலைக் கொண்டு விளக்குவது என் வழக்கம். ஊஞ்சலுக்கென்று ஒரு தாளம் உண்டு. அத்தாளத்துக்கு இசையத் தள்ளினால் மேலும் மேலும் உயரும். விரல் நுனியால் படபடவென்று தட்டினாலோ அசைவது அரிது. மென்மையான ரப்பரின்மேல் அமர்ந்த எஞ்சினின் தாளம் மிக மெதுவானது. அதனால் நொடிக்கு 40 என்னும் விரைந்த துடிப்பு ரப்பரோடு நின்றுவிடுகிறது. ரப்பர் இறுகினால் தாளமும் விரைவாகித் துடிப்பை நெருங்குகிறது. வண்டி முழுவதும் அதனோடு சேர்ந்து அதிர்கிறது.

ஆதியில் எஞ்சினை அடிச்சட்டத்தோடு நேரே முடுக்கிவிடுவதே வழக்கமாக இருந்தது. 1931-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் வண்டியில், எஞ்சினின் எடைமையத்தின் வழியே செல்லும் ஓர் அச்சைப் பற்றி அது சற்றே அசையுமாறு ரப்பரின்மேல் அமைத்தது. 'மிதக்கும் ஆற்றல்' என்று பொருள்படும் பெயரால் அது புகழ் பெற்றது. பிரான்சு நாட்டின் சித்ரோயன் நிறுவனமும் உரிமம் பெற்று அம்முறையைக் கையாண்டது. நாம் எடுத்துக்கொண்ட சொகுசு வண்டியில் இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கிறார்கள். ரப்பருக்குள் இரண்டு சிற்றறைகள், அவற்றில் திரவம், இடையே ஒரு குறுகிய வழி. மேடுபள்ளத்தில் எஞ்சின் துள்ள முயலும்போது திரவம் அக்குறுகிய வழியே பிதுங்கிச் சென்று துள்ளலை அடக்குகிறது.

ரப்பர் மரத்தின் பாலைக் கன்னியாகுமரி மாவட்டத்தார் நன்கு அறிவர். அப்பாலிலிருந்து எடுத்த பொருளைக் கந்தகத்தோடு சூடேற்றினால் உறுதிபெறும் என்பதை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டார். உறுதி பெற்றாலும் அது சாகாவரம் பெற்றதன்று. காற்றும் வெப்பமும் அதனை வெடிக்கச் செய்கின்றன. எண்ணெய் பட்டால் ஊறிப் பதம் கெடுகிறது. உள்ளிருக்கும் திரவம் கசிந்துவிட்டால் மவுண்டிங் அமுங்கி, இரும்போடு இரும்பு உரசும் நிலை வருகிறது.

இது வெறும் சொகுசுக் குறை என்று எண்ணலாகாது. 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 66 லட்சத்துக்கும் மேற்பட்ட செவ்ரோலே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மவுண்டிங் அறுந்தால் எஞ்சின் மேலெழுந்து ஆக்சிலேட்டரை இழுத்துவிடும்; பிரேக்குக்கு வலுவூட்டும் குழாயும் பிடுங்கிக்கொள்ளும். ஓட்டுநர் விரைவைக் குறைக்க நினைக்கும் அந்தக் கணத்தில் வண்டி பாய்வதை எண்ணிப் பாருங்கள்! எஞ்சின் எழும்பாதபடி ஒரு கம்பிவடத்தைப் பூட்டியே அக்குறையைப் போக்கினார்கள்.

கண்டறிவது கடினமன்று. நியூட்ரலில் அடங்கும் நடுக்கம் 'டி' என்னும் ஓட்டநிலையில் மிகுமானால் மவுண்டிங்கை ஐயுறவேண்டும். எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து, பழகிய ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதித்தவாறு முன்னும் பின்னுமாகக் கியரை மாற்றட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு நேரே நிற்கவேண்டா. எஞ்சின் ஒரு புறம் துள்ளி எழுந்தாலும், 'டக்' என்ற ஓசை கேட்டாலும், மவுண்டிங்கைச் சுற்றித் திரவக் கறை தென்பட்டாலும் நோய் இன்னதென்று தெரிந்துவிடும்.

மாற்றும் வேலையில் அறிவைவிடப் பொறுமையே மிகுதியாக வேண்டும். பாட்டரியின் இணைப்பை முதலில் கழற்றவேண்டும். வண்டியை ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான தாங்கிகளின்மேல் இறக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். எஞ்சினைத் தாங்க இன்னொரு ஜாக்கி. அதனை ஆயில் தொட்டியின் தகட்டில் நேரே வைத்தால் தகடு நசுங்கும்; இடையில் அகன்ற மரப்பலகை ஒன்றை வைத்துப் பாரத்தைப் பரப்புவதே முறை. நட்டுகளைக் கழற்றிய பிறகு, பழைய துண்டு வெளிவரும் அளவுக்கு மட்டும் எஞ்சினை விரல் விரலாக உயர்த்தவேண்டும். விசிறி ரேடியேட்டர்க் கூட்டில் முட்டுகிறதா, ரப்பர்க் குழாய்கள் இழுபடுகின்றனவா என்று ஒருவர் மேலிருந்து கவனித்து வருவது நலம். எடுத்த பழையதைப் புதியதன் அருகே நிறுத்திப் பார்த்தால் அது எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

இடம் வலம் இரண்டையும் ஒருங்கே மாற்றவேண்டும். ஒன்று புதிதாகவும் மற்றது தளர்ந்ததாகவும் இருந்தால் எஞ்சின் சாய்ந்து, புதியதும் விரைவில் கெடும். கியர்ப்பெட்டியின் கீழுள்ள மூன்றாவதையும் அப்போதே பார்த்துவிடுவது சிக்கனம். மலிவு கருதித் திரவமற்ற வெறும் ரப்பர்த் துண்டை வாங்குவோர் உண்டு. வண்டி ஓடும், ஆனால் பழைய அமைதி திரும்பாது. நெடுநாள் கடை அலமாரியில் கிடந்த சரக்கும் வேண்டா. ரப்பர் அங்கேயும் மூப்படைகிறது.

புதியதைப் பொருத்தும்போது நட்டுகளைக் கையாலேயே தொடங்கி, மரை சரியாகப் பிடித்த பின்பே ஸ்பானரைத் தொடவேண்டும். எஞ்சினின் பாரம் முழுவதும் மவுண்டிங்கின்மேல் இறங்கிய பிறகே இறுதி முடுக்கு. பாரம் இறங்குமுன் முடுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்றுவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம். இத்தனைக்குப் பிறகும் நடுக்கம் நீங்கவில்லையானால் பிளக்கையும் பெட்ரோல் குழாயையும் பார்க்கத் தொடங்கலாம்.