காதல் இதயத்திலா, மூளையிலா?

மாமல்லபுரக் கடற்கரையில் தை, மாசி மாத இரவுகளில் பங்குனி ஆமை கரையேறும். மணலில் குழி தோண்டிச் சுமார் நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஆண் ஆமை கரைப்பக்கமே வருவதில்லை. செங்கற்பட்டுக்குத் தெற்கே வேடந்தாங்கல் ஏரியிலோ காட்சி வேறு. அங்கே நத்தைகுத்தி நாரையில் ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கின்றன. இரண்டுமே குஞ்சுகளுக்கு இரை கொண்டுவருகின்றன. ஒரே மாவட்டத்தில் இரண்டு விதமான வாழ்க்கை! இது எதனால்?

காதலின் இருப்பிடம் இதயம் என்று கேட்டுப் பழகிவிட்டோம். இதயம் இரத்தத்தை இறைக்கும் பம்பு. அது படபடப்பது மூளை அனுப்பும் செய்தியால்தான்.

நம் மூளையில் ஆக்சிடோசின் என்ற பொருள் சுரக்கிறது. அதில் ஒரே ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறிய பொருள் நாரைக்கும் உண்டு, ஆமைக்கும் உண்டு. அப்படியானால் பொருள் இருப்பது மட்டும் போதாது என்று தெரிகிறதல்லவா?

வட அமெரிக்காவின் புல்வெளி எலி ஒரே துணையோடு வாழும். அதன் நெருங்கிய உறவான மலை எலி அப்படி வாழாது. இரண்டுக்கும் ஆக்சிடோசின் உண்டு. ஆனால் அதை ஏற்கும் ஏற்பிகள் மூளையில் அமைந்துள்ள இடங்கள் வேறு. சாவி ஒன்றுதான், பூட்டுகள் வேறு வேறு கதவுகளில் இருக்கின்றன எனலாம். 2023-இல் வெளியான ஆய்வில், இந்த ஏற்பிக்கான மரபணுவை நீக்கிய பிறகும் புல்வெளி எலிகள் துணையோடு இணைந்தன! ஆகவே அன்புக்கு ஒரே ஒரு சாவி என்பதும் சரியல்ல.

மனிதனை எப்படி ஆராய்வது? இங்கே பௌதிகம் உதவுகிறது. ஆக்சிஜனை இழந்த இரத்தம் காந்தப் புலத்தைச் சற்றே மாற்றும். மூளையில் உழைக்கும் பகுதிக்குப் புது இரத்தம் பாயும்போது ஏற்படும் மாற்றத்தை எம்.ஆர்.ஐ. கருவி பதிவு செய்யும். 1990-இல் இதைக் காட்டியவர் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா.

2005-இல் ஆர்தர் ஏரன், ஹெலன் ஃபிஷர் குழுவினர், காதல்வயப்பட்ட 17 பேருக்கு அவரவர் துணையின் படத்தைக் காட்டினர். நடுமூளையில், டோபமைன் நிறைந்த பகுதி சுறுசுறுப்படைந்தது. ‘இது வேண்டும், இன்னும் வேண்டும்’ என்று நம்மை உந்தும் பகுதி அது. சராசரியாக 21 ஆண்டுகள் இல்லறம் நடத்தியும் காதல் குறையவில்லை என்று சொன்ன 17 பேரிடமும் அதே பகுதி இயங்கியதைப் பின்னர் கண்டனர்.

மாணவ நண்பர்களே, உங்கள் வயதில் இந்த உந்துதல் மிகத் துடிப்பானது. ஆனால் ‘பொறு, யோசி’ என்று சொல்லும் நெற்றிப் பகுதி முழு முதிர்ச்சி பெற ஏறத்தாழ 25 வயதாகும். வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. பிரேக் இன்னும் பொருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது! ஈர்ப்பு தோன்றுவது குற்றமல்ல, அது இயற்கை. அதை நம்பி வாழ்க்கையை முடிவு செய்வதுதான் அவசரம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிரம்பாமல் மணம் கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். படிக்கும் பெண்ணை நிறுத்தி மணம் முடிக்க நினைக்கும் பெரியவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆமைக்கும் நாரைக்கும் வழியை இயற்கையே வகுத்துவிட்டது. நமக்கு மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுக்கும் மூளை உண்டு. அது வளரும் வரை காத்திருப்பது நஷ்டமல்லவே!