முதல் கருவிக்குப் பின் வரும் செலவு

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். 'மணிலாக் கொட்டை' அப்படி மருவிவிட்டது. காயவைத்த காயை உழவர் காதருகே குலுக்கிப் பார்ப்பார். பருப்பு கலகலத்தால் காய்ந்துவிட்டது. ஆனால் ஈரம் 8 விழுக்காடா, 11 விழுக்காடா என்று காது சொல்லாது. ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு சேரும்.

மாணவர்களே, இந்த ஈரத்தை அளக்கும் கருவியைச் செய்து விற்க இரண்டு இளைஞர்கள் முனைவதாக வைத்துக்கொள்வோம். தத்துவம் எளியது. இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே காயைக் கொட்டினால் அது ஒரு மின்தேக்கி. நீரின் மின்காப்பு மாறிலி ஏறக்குறைய 80. உலர்ந்த பருப்புக்கோ அது ஒற்றை இலக்கம்தான். ஆகவே ஈரம் கூடினால் மின்தேக்குத்திறனும் கூடும். இதை அளக்கும் மின்னணுப் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சில நாளில் கருவி மேசைமேல் இயங்கிவிடும்.

செலவு அதன் பிறகுதான்! காயைத் தளர்வாகக் கொட்டினால் ஓர் எண், அழுத்திக் கொட்டினால் வேறோர் எண். காலைக் குளிரில் ஒன்று, சித்திரை வெயிலில் மற்றொன்று. எனவே எடைக்கு ஓர் உணரி, வெப்பத்துக்கு ஓர் உணரி, புதிய பலகை, மறுபடி சோதனை. பெட்டியை முப்பரிமாண அச்சில் ஒன்றிரண்டு செய்துகொள்ளலாம். வார்ப்பு அச்சுக்கோ லட்சக்கணக்கில் ஆகும். எஃகில் வெட்டியபின் ஒரு துளையை நகர்த்துவதும் பெரும்பாடு. அவசரப்பட்டு அச்சு செய்பவர்கள் பணத்தை இழப்பது இங்கேதான்.

கருவி காட்டும் எண் சரியா? 50 கிராம் மாதிரியை உலர் அடுப்பில் வைத்து எடுத்தபின் 46 கிராம் இருந்தால் ஈரம் 8 விழுக்காடு. இப்படிப் பல ரகங்களில், பல மாதிரிகளில் ஒப்பிட வேண்டும். அடுப்பும் நுண்தராசும் சொந்தமாக வாங்குவதைவிட, அவை உள்ள இடத்தில் அனுமதி கேட்பது மேல். டி.எம்.வி. ரகங்களைத் தந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்திலேயே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகள் இரண்டு ஊர்களிலும் உள்ளன.

பண உதவிக்கும் வழியுண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2016-இல் தொடங்கிய 'நிதி-பிரயாஸ்' திட்டம், முன்மாதிரி செய்ய ரூ.10 லட்சம் வரை மானியம் தர வகைசெய்தது.

பிறகு ஐந்தாறு கருவிகளை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். அங்கே தூசி படியும், மின்கலம் தீரும், கம்பி அறும். நேரில் போய்ப் பழுதுபார்க்க ஓர் ஆளும், மாற்றிக் கொடுக்க இரண்டு கருவிகளும் எப்போதும் கையில் இருக்க வேண்டும்; முதல் நாள் போட்ட கணக்கில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த வரிதான்.